ஊருணியில் ஒட்டிய நாரை

இதை எனக்கு முதலில் சொன்னவர் செண்பகவடிவு. என்னோடு ஒரே பள்ளியில் விலங்கியல் நடத்தியவர். ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. இது நிகழ்ந்த தெருவில் அவருடைய தமக்கை குடியிருந்தார். ஆகவே, கேட்டவாறே எழுதுகிறேன். பேசியவர்களின் பேச்சையும் பேசியபடியே விட்டிருக்கிறேன். அதைத் திருத்துவது என் வேலையன்று.

தெற்கே ஒரு நகராட்சி. பெயர் வேண்டா. அங்கே மஞ்சணத்தி ஊருணி என்றொரு நீர்நிலை. அதன் வடகரைத் தெருவில் சவரிமுத்து என்பவர் புகைப்பட நிலையம் நடத்தி வந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு, வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு. ஐம்பது வயதைக் கடந்தவர். ஊரில் பாதிக் குடும்பங்களின் திருமண ஆல்பம் அவர் கையால் ஆனது.

அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் உமையாள். உள்ளூர்க் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். சவரிமுத்துவினும் பதினைந்து ஆண்டு இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில், கேமராவோடு வருகிறவர் எவராயினும், சுற்றியுள்ள உயிர்களைப் பார்ப்பதற்கு அவர் பழக்கினார். கட்டணம் இல்லை. விதி ஒன்று மட்டும் உண்டு. வீட்டிலிருந்து செருப்பில்லாமல் நடந்து போகக்கூடிய தொலைவுக்குள் இருப்பதையே எடுக்க வேண்டும்.

சேர்ந்த அன்றே சவரிமுத்து கேட்டார்.

“அப்ப புலியை எப்ப எடுக்கிறது டீச்சர்?”

“உங்க தெருவுக்கு வந்தா எடுங்க அண்ணாச்சி.”

“தெருவுக்கு வந்தா நான் படமா எடுப்பேன்? ஓட்டம்ல எடுப்பேன்.”

உமையாள் சிரித்தார். ஆனால் விதியைத் தளர்த்தவில்லை. சவரிமுத்து ஊருணிக் கரையில் குப்புறப் படுக்கத் தொடங்கினார். எறும்பு, சிலந்தி, கோரை, பாசி. மூன்று ஆண்டுகள் அப்படிக் கழிந்தன.

அதற்கடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு தெருவில் காய்ச்சல் பரவியது. பலசரக்குக் கடைக்காரர் பால்பாண்டியின் இளைய மகள் டெங்குவால் மருத்துவமனையில் கிடந்தாள். பிழைப்பது அரிது என்று இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள். பிழைத்தாள். அவள் வீடு திரும்பிய மறுநாள் பால்பாண்டி தெருவைக் கூட்டினார். கொசு ஊருணியிலிருந்து வருகிறது. ஊருணியை மண்போட்டு மூடி வேன் நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்று மனு எழுதினார். தெருவே கையெழுத்திட்டது. சார் ஆட்சியர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக நாள் குறித்தார்.

சவரிமுத்து கையெழுத்திடவில்லை. அவர் வீட்டுக் கிணறு அந்த ஊருணியை நம்பியிருந்தது. ஊருணியில் நீர் தங்கினால் கிணற்றில் நீர் தங்கும். ஊருணி போனால் கிணறு போகும். ஆழ்துளை போடுமளவு வருவாய் கடையில் வரவில்லை. வேறு வீடு பார்க்கவும் வழியில்லை.

“மூடிட்டா நாம எங்கே போறது?” என்று மனைவி கேட்டாள்.

“மூட விடமாட்டேன்” என்றார் அவர்.

மறுநாள் ஒரு பெரிய படத்தோடு உமையாளின் வீட்டுக்குப் போனார். அழகான படம். பின்னால் மஞ்சணத்தி ஊருணியின் படித்துறை. முன்னால், முழங்கால் அளவு நீரில், ஒரு நத்தைக்குத்தி நாரை. மூடினாலும் நடுவே இடைவெளி விடும் அதன் அலகில் ஒரு நத்தை.

“இது பின்னாலே உங்க கையெழுத்து வேணும் டீச்சர். என்ன பறவை, எந்த இடம்னு நீங்க எழுதிப் போட்டா அதிகாரி மறுபேச்சுப் பேசமாட்டாரு. நாரை வர்ற ஊருணியை எவன் மூடுவான்?”

உமையாள் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதில் ஒட்டுத் தெரியவில்லை. நிழல் ஒழுங்காக விழுந்திருந்தது. நீரில் பறவையின் உருவமும் தலைகீழாய் நெளிந்தது.

“வேலை சுத்தமா இருக்கு அண்ணாச்சி. அலகிலே இருக்கிற நத்தை நம்ம ஊருணி நத்தையா?”

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்கே எடுத்தது?”

“போன வருசம் சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போனப்ப, அங்கே ஒரு கண்மாயிலே.”

“அங்கேயிருந்து இங்கே கொண்டுவந்து ஒட்டியாச்சு.”

“ஆமா, ஒட்டினேன்.” அவர் குரல் உயர்ந்தது. “டீச்சர், என் தொழில்லே இது தப்பே இல்லை. அப்பா செத்துப்போன பொண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். ஆல்பத்திலே அப்பா இல்லையேன்னு அழும். பழைய படத்திலேயிருந்து அவரை எடுத்து, வேட்டி சட்டை மாத்தி, பொண்ணு பக்கத்திலே நிக்க வச்சுக் கொடுப்பேன். அந்தக் குடும்பமே என் கையைப் பிடிச்சுக் கும்பிடும். அது பொய்யா?”

உமையாள் உள்ளே போய் ஒரு செம்பு நீர் கொண்டுவந்து அவர்முன் வைத்தார்.

“அந்தக் கல்யாணத்திலே நீங்க சாப்பிட்டீங்களா?”

“சாப்பிடாம?”

“அந்த அப்பாவுக்குப் பந்தியிலே இலை போட்டாங்களா?”

“அவருக்கு எதுக்கு இலை? அவரு படத்திலேதானே…”

சவரிமுத்து குனிந்து நாரையைப் பார்த்தார்.

“இந்த நாரைக்கு ஊருணியிலே இலை போட்டிருக்கான்னு பார்த்துட்டு வாங்க” என்றார் உமையாள். படத்தைச் சுருட்டி அவரிடமே கொடுத்தார்.

“நேரமில்லை டீச்சர். திங்கக்கிழமை அதிகாரி வர்றாரு. ஊருணி போச்சுன்னா என் கிணறு போச்சு. அது உங்களாலேதான்னு சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

சவரிமுத்து செம்பைத் தொடாமல் எழுந்து போனார்.

சினத்தோடு போனவர் ஊருணிக்குத்தான் போனார். கரையோரம் படுத்தார். நாரை தின்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று தேடினார். சேற்றில் நகத்தளவு நத்தைகள் இருந்தன. கோரையின் அடியில் தலைப்பிரட்டைகள் மொய்த்தன. நீருக்கு மேலே நீண்ட ஒரு தண்டில், தட்டான் உரித்துவிட்டுப் போன தோல், கால்கள் கவ்வியபடியே காய்ந்திருந்தது. தட்டான் குஞ்சு நீருக்குள் வளரும் என்பதும், கொசுப்புழு அதற்கு இரை என்பதும் உமையாள் முன்பே சொல்லியிருந்தவைதாம். படுத்துப் பார்த்தபோது அவருக்கு அது புதிதாய் இருந்தது.

பால்பாண்டி கடையிலிருந்து குரல் கொடுத்தார்.

“என்ன சவரி அண்ணாச்சி, தவளைக்கு வளைகாப்பா? குரூப் போட்டோ எடுக்கீங்க?”

“ஆமாய்யா. மொய் எழுத வர்றியா?”

“நான் எழுதின மொய் போதும். ஆஸ்பத்திரியிலே எழுதிட்டு வந்திருக்கேன்.”

சவரிமுத்து மறுபடி கேமராவில் கண் வைத்தார்.

மறுநாள், அங்கே எடுத்த படங்களோடு உமையாளிடம் சென்றார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து மேசைமேல் பரப்பினார்.

“நல்லா இருக்கு. கொசு எங்கே?”

“கொசுவா? அதை வச்சுத்தானே மூடச் சொல்றாங்க! அதை நானே எடுத்துக் கொடுக்கவா?”

“பால்பாண்டி மக கொசு கடிச்சுப் படுத்தா. உங்க படத்திலே கொசுவே இல்லைன்னா அவரு உங்களை எப்படி நம்புவாரு?”

“இருந்துட்டா?”

“இருந்தா எடுங்க.”

“டீச்சர், நீங்க எந்தக் கட்சி?”

உமையாள் படங்களை அடுக்கி உறையில் இட்டுக் கொடுத்தார்.

கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நீரை முகந்து வெள்ளைத் தட்டில் ஊற்றினால், நெளிவது தெரியும். சவரிமுத்துவிடம் வெள்ளைத் தட்டுகள் இருந்தன. பிலிம் காலத்தில், இருட்டறையில் படம் கழுவப் பயன்பட்டவை. பிலிம் வழக்கொழிந்தபின் அவற்றை மொட்டை மாடியில் போட்டுவைத்திருந்தார். எடுத்து வருவதற்காக, தம்மிடமிருந்த சாவியால் மாடிக் கதவைத் திறந்தார்.

தட்டுகள் மழைநீரால் நிறைந்திருந்தன. நீர் தெளிவாக இருந்தது. அதில் புழுக்கள் தலைகீழாய்த் தொங்கின. அவருடைய நிழல் விழுந்ததும் துள்ளி அடியில் இறங்கின. தட்டின் விளிம்பிலிருந்து, காலில் வெள்ளை வரி போட்ட கருங்கொசு ஒன்று எழுந்து பறந்தது.

முதல் தட்டை அவர் எடுத்துக் கவிழ்த்தார். நினைத்துச் செய்ததன்று, கை செய்தது. அடுத்ததையும் கவிழ்த்தார். வெயிலில் சூடேறிய தளத்தில் நீர் பரவி, புழுக்கள் துடித்து, சற்றைக்கெல்லாம் அடங்கின.

மூன்றாவது தட்டில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

மாடியிலிருந்து பார்த்தால் பால்பாண்டியின் வீட்டு முற்றம் தெரியும். மெலிந்துபோன அந்தப் பெண் கட்டிலில் அமர்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

சவரிமுத்து கீழே இறங்கிக் கேமராவை எடுத்து வந்தார். மூன்றாவது தட்டைப் படமெடுத்தார். தட்டு, புழு, பின்னால் தம் கடையின் பெயர்ப்பலகையின் முதுகு. மூன்றும் தெரியும்படி எடுத்தார். எடுத்தபின் அதையும் கவிழ்த்தார்.

பிறகு ஊருணிக்குப் போய், கழுவிய தட்டில் நீரை முகந்து முகந்து ஊற்றிப் பார்த்தார். நடு நீரில் புழு இல்லை. கோரையோரமும் இல்லை. சாக்கடை வந்து கலக்கும் மூலையில் இருந்தது; நிறையவே இருந்தது. அதையும் எடுத்தார்.

ஞாயிறு மாலை உமையாளிடம் வந்தார். ஊருணிப் படங்களை மேசைமேல் வைத்தார். சாக்கடை மூலைப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

“இது இருக்கு டீச்சர். மறைக்கலை.”

“சரி.”

“கையெழுத்துப் போடுங்க.”

“கையிலே அது என்ன?”

சவரிமுத்துவின் கையில் வேறோர் உறை இருந்தது. அவர் அதைத் தரவுமில்லை, பின்னால் இழுத்துக்கொள்ளவுமில்லை. உமையாள் கை நீட்டவில்லை. கடைசியில் அவரே மேசைமேல் வைத்தார்.

உமையாள் படத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“ஏடிஸ். டெங்குக் கொசுப் புழு. எந்த இடம்?”

“என் மாடி.”

“தட்டு இப்ப?”

“கவுத்திட்டேன். எல்லாத்தையும்.”

உமையாள் பேனாவைத் திறந்தார். அந்தப் படத்தின் பின்புறம் புழுவின் பெயரையும், இடத்தையும், நாளையும் எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடினார்.

“மத்ததுலே?”

“மத்தது அப்படியே இருக்கட்டும்.”

“டீச்சர், நாரைப் படத்திலே போடச் சொன்னேன், மாட்டேன்னீங்க. ஊருணிப் படத்திலேயும் மாட்டேங்கீங்க. என்னை மாட்டிவிடற படத்திலே மட்டும் போடுறீங்க. நாளைக்கு இதை நான் காட்டணும்னு என்ன?”

“காட்டணும்னு நான் சொல்லலை.”

“காட்டாம இருந்தா?”

“உங்க படம் அண்ணாச்சி.”

திங்கட்கிழமை முற்பகல் சார் ஆட்சியர் வந்தார். இளைஞர், வெயிலில் குடையை மறுத்து நடந்தார். நகராட்சி சுகாதார ஆய்வாளர் உடன் வந்தார். தெரு முழுவதும் கரையில் கூடியது.

பால்பாண்டி முன்னால் வந்து பேசினார். மகள் கிடந்த கிடையைச் சொன்னார். பிறகு சவரிமுத்துவைக் காட்டினார்.

“இவரு ஒருத்தருதான் சார் கையெழுத்துப் போடலை. இந்தத் தண்ணியிலே கொக்கைத் தேடிக்கிட்டுக் கிடப்பாரு. கொசு எங்களைத் தேடிக்கிட்டு வரும்.”

கூட்டம் சிரித்தது.

சார் ஆட்சியர் சவரிமுத்துவிடம் திரும்பினார். “கொசு இந்த ஊருணியிலேயிருந்து வரலைங்கறீங்களா?”

“வருது சார். அந்தச் சாக்கடை மூலையிலேயிருந்து வருது.” படத்தை நீட்டினார். “நடுவிலே இல்லை. கோரையிலே இல்லை. அங்கே புழுவைத் திங்கிறது இருக்கு.” மற்றப் படங்களையும் கொடுத்தார்.

சுகாதார ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். “சார், சாக்கடைக் கொசு கடிச்சா டெங்கு வராது. டெங்கு பரப்புறது நல்ல தண்ணிக் கொசு.”

“அப்ப டெங்குக் கொசு எங்கேயிருந்து வந்தது?” என்று சார் ஆட்சியர் கேட்டார்.

சவரிமுத்துவின் சட்டைப்பையில் உறை இருந்தது. கரையின் மறுபுறம் உமையாள் நின்றிருந்தார். அவர் இவரைப் பார்க்கவில்லை, கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து உறையை எடுத்துக் கொடுத்தார்.

சார் ஆட்சியர் படத்தைத் திருப்பி, பின்னால் இருந்ததைப் படித்தார். “இது யார் மாடி?”

“என் மாடி சார்.”

முதலில் பால்பாண்டிக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அந்த மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

“உம்ம மாடியா? என் வீட்டுக்குப் பக்கத்திலே இருக்கிற மாடியா? என் பிள்ளை படுத்தது உம்மாலேயா?”

“இருக்கலாம்.”

“இருக்கலாமா?”

பால்பாண்டி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். சவரிமுத்து கையை ஓங்கவில்லை, சட்டையை விடுவித்துக்கொள்ளவுமில்லை. பக்கத்தில் நின்றவர்கள் விலக்கினார்கள்.

“கிணத்துக்காகத்தானே இந்த நாடகம்?” என்று பால்பாண்டி கத்தினார். “பிறகு எதுக்குய்யா இதைக் காட்டுறே?”

“எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டாரு.”

சார் ஆட்சியர் படத்திலிருந்து தலை நிமிர்ந்தார். பிறகு தெருவை நோக்கினார். வரிசையாக மாடிகள். தொட்டி, டயர், உடைந்த வாளி, துணியுலர்த்தும் கயிறு.

“மற்ற மாடிகளை இன்றைக்கே பார்த்துவிடலாம்” என்று ஆய்வாளரிடம் சொன்னார்.

கூட்டத்தின் ஓரம் மெல்லக் கலைந்தது. முதலில் ஒரு பெண் போனாள். அடுத்து இருவர். பால்பாண்டி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தம் வீட்டை நோக்கி நடந்தார். சிறிது பொறுத்து அவர் வீட்டு மாடியிலிருந்து நீர் கொட்டும் ஓசை கேட்டது. பிறகு அடுத்த மாடியிலிருந்து. பிறகு எதிர்ப்புறத்திலிருந்து. தூம்புகள் எல்லாம் மழைநாள்போல் வழிந்தன. மழை பெய்து சில நாள் ஆகியிருந்தது.

சார் ஆட்சியர் ஊருணியை மூடவேண்டா என்றும், சாக்கடையைத் திருப்பிவிட வேண்டும் என்றும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிணறு தப்பியது. ஆனால் பால்பாண்டி சவரிமுத்துவோடு பேசுவதை நிறுத்தினார். தம் மூத்த மகள் திருமணத்துக்கு வெளியூர்ப் புகைப்படக்காரரை வைத்தார். தெருவில் வேறு சிலரும் அவ்வாறே செய்தனர். இளைய மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். அவள் மட்டும் போகும்போது சவரிமுத்துவின் கடைக்குள் எட்டிப் பார்ப்பாள்.

தை பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து மீண்டும் உமையாள் வீட்டுக்கு வந்தார். அன்று தொடாமல் போன செம்பை நினைத்தோ என்னவோ, கொடுத்த நீரை முழுவதும் குடித்தார்.

“ஒண்ணு கேக்கணும் டீச்சர்.”

“கேளுங்க.”

“நாரையை ஒட்டினவன் நான். அது உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகும் அந்த மாடிப் படத்திலே, மாடிக்கு வந்துகூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டீங்க. தட்டையும் நான் கவுத்திட்டேன். பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. கண்ணுக்கு முன்னாலே கிடக்கிற ஊருணிப் படத்திலே போடலை. ஏன்?”

உமையாள் செம்பை வாங்கி வைத்தார்.

“ஊருணிக்கு யாரும் போய்ச் சரிபார்க்கலாம், என் கையெழுத்து எதுக்கு? மாடிப் படத்தை நீங்களா கொண்டுவந்தீங்க. அந்த மாடிச் சாவி உங்ககிட்ட மட்டும்தானே அண்ணாச்சி இருந்துச்சு.”